அக்குளில் முதல் மடையைத் தேடுவது: மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவர் நான். பிறந்து வளர்ந்தது குடமுருட்டிக் கரையில். என்னிடம் வருகிறவர்கள் பாபநாசம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, சீர்காழி என்று டெல்டா முழுக்க இருந்து வருகிறார்கள். கட்டியைப் பற்றி ஆயிரம் கேட்பார்கள், மார்பை எடுப்பீர்களா, முடி கொட்டுமா என்பார்கள். அக்குளைப் பற்றி மட்டும் ஆபரேஷனுக்கு முன் யாரும் கேட்பதில்லை. கை வீங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். முன்னாலேயே கேட்டவர்கள் கேட்டதையும், கேட்டிருக்கலாமே என்று நான் நினைத்ததையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

சீட்டில் 'சென்டினல் நோடு பயாப்சி' என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் என்ன?

தண்ணீர் போகிற வழியைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. வயலுக்குப் பாசன வாய்க்கால் ஒன்று இருக்கும், வடிகால் ஒன்று இருக்கும். உடம்பிலும் அப்படித்தான். ரத்தக்குழாய் கொண்டுவந்து கொடுத்ததில் மிஞ்சுகிற நீரை இழுத்துப்போவது நிணநீர்க் குழாய்கள். மார்பின் வடிகால் பெரும்பாலும் அக்குளுக்குத்தான் போகிறது. அங்கே கொழுப்புக்குள் புதைந்தபடி ஏறக்குறைய 20 முதல் 30 கணுக்கள் இருக்கும். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டியிருக்கிறது' என்போமே, அதே சாதிக் கணுக்கள்தான்.

டெல்டாவில் பல இடங்களில் வயலுக்கு வயல் பாய்ச்சல். மேல் வயல் நிறைந்து வரப்பில் வெட்டிய வாய் வழியாக அடுத்த வயலுக்கு இறங்கும். மார்பிலிருந்து வருகிற நிணநீரும் முதலில் ஒரு கணுவில், சிலருக்கு இரண்டு மூன்று கணுக்களில் நுழைந்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போகிறது. கட்டியிலிருந்து புற்றுச் செல் கிளம்பியிருந்தால் முதலில் அங்கேதான் தங்கும். அந்த முதல் கணுவுக்குத்தான் சென்டினல் நோடு என்று பெயர். தமிழில் காவல் கணு என்கிறோம். அதை மட்டும் எடுத்துப் பரிசோதித்து அதில் புற்றுச் செல் இல்லை என்றால், பின்னால் உள்ள கணுக்களில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவற்றைத் தொடாமல் விட்டுவிடலாம். இவ்வளவுதான் விஷயம்.

எல்லாக் கணுவையும் சுத்தமாக எடுத்துவிட்டால் நிம்மதிதானே டாக்டர்?

இந்தக் கேள்வியை மனைவியோடு வந்த கணவன்மார்களும் மகன்களும்தான் அதிகம் கேட்கிறார்கள். 'மிச்சம் மீதி வைக்காம எடுத்துடுங்க.' நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். என் சித்தி கதையைச் சொல்கிறேன்.

1990களில் சித்திக்கு இடது மார்பில் கட்டி. மார்பையும் அக்குளையும் சேர்த்து எடுத்தார்கள். அன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் வழக்கம், செய்தவர்கள் மேல் குறையில்லை. எடுத்த கணு ஒன்றில்கூடப் புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தது, வீட்டில் பாயசம் வைத்தோம். அடுத்த வருஷம் கை வீங்க ஆரம்பித்தது. முதலில் மோதிரம் இறங்கவில்லை, அப்புறம் வளையல், அப்புறம் ரவிக்கையின் இடது கையைப் பிரித்துத் தனித் துணி வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. கும்பகோணம் பக்கம் யானைக்காலைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. 'கையில யானைக்கால் வந்துடுச்சு, ஒட்டிக்கும்' என்று பேச்சு கிளம்பி, கல்யாணப் பந்தியில் சித்தியைப் பரிமாற விடாமல் உட்கார வைத்தார்கள். புற்றுநோய் தராத அவமானத்தை அந்தக் கை தந்தது.

யானைக்காலில் கொசு வழியாக வந்த புழு நிணநீர்க் குழாயைக் கெடுக்கிறது. சித்திக்குப் புழுவும் இல்லை, தொற்றும் இல்லை. கத்தி வடிகாலை வெட்டியது, நீர் தேங்கியது, அவ்வளவுதான். அக்குளை முழுதாக எடுத்தால் ஐந்தில் ஒருவருக்கு இப்படி நாள்பட்ட வீக்கம் வருகிறது. காவல் கணுவை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு. வீக்கம் ஒருமுறை நிலைத்துவிட்டால் கட்டுப்படுத்தலாமே தவிர, முழுசாகப் போக்குவது கஷ்டம். தோள் இறுகுவதும் மேற்கையின் உள்பக்கம் மரத்துப்போவதும் முழு அக்குள் ஆபரேஷனில்தான் அதிகம்.

அந்த நஷ்டத்துக்கு ஈடாக ஆயுள் கூடுகிறதா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த என்எஸ்ஏபிபி பி-32 என்ற ஆய்வில் 5,611 பெண்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். காவல் கணு சுத்தமாக இருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு அக்குளை முழுதும் எடுத்தார்கள், இன்னொரு பிரிவினருக்கு அப்படியே விட்டார்கள். 2010இல் வந்த முடிவின்படி உயிரோடிருப்பதில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. சித்திக்கு எடுத்த அத்தனை கணுவும் எடுத்திருக்கத் தேவையே இல்லாதவை. இதை நான் மருத்துவம் படித்த பிறகு அவரிடம் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது.

இருபது கணுவில் எது முதல் கணு என்று எப்படித் தெரியும்? நெற்றியில் எழுதி ஒட்டியிருக்குமா?

எழுதி ஒட்டவைக்கத்தான் சாயம் போடுகிறோம். எந்த மடை எங்கே வடிகிறது என்று தெரியாவிட்டால் ஊரில் என்ன செய்வோம், சாணியைக் கரைத்துவிட்டு எங்கே கலங்கல் வருகிறது என்று பார்ப்போமே, அந்தத் தந்திரம்தான்.

இங்கே அதிகம் புழங்குவது மெத்திலின் ப்ளூ என்ற நீலச் சாயம், விலை மலிவு. மயக்க மருந்து கொடுத்த பிறகு மார்புக்காம்பைச் சுற்றியுள்ள கரும்பகுதிக்குக் கீழே, அல்லது கட்டியை ஒட்டி, சில மில்லி ஊசி போடுவோம். சுமார் ஐந்து நிமிடம் மார்பை மெதுவாகத் தடவிக்கொடுப்போம். அந்தத் தடவலில் சாயம் நிணநீர்க் குழாய்க்குள் ஏறும். பிறகு அக்குளில், முடி முளைக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, மூன்று நான்கு சென்டிமீட்டர் கீறல். கொழுப்பு மஞ்சள் நிறம். அதற்குள் நூல் மாதிரி ஒரு நீலக்கோடு தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் நீலம் ஏறிய கணுவில் போய் முடியும். அந்தக் கோட்டைத் தவறுதலாக அறுத்துவிட்டால் சாயம் சிந்தி இடமெல்லாம் நீலமாகிவிடும், அப்புறம் தேடுவது பெரும்பாடு. அதனால்தான் இந்தக் கட்டத்தில் தியேட்டரில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள்.

இன்னொரு வழி காதால் தேடுவது. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை மிக நுண்ணிய துகளோடு சேர்த்து, ஆபரேஷனுக்கு முந்தின நாளோ அன்று காலையிலோ மார்பில் ஊசியாகப் போடுவார்கள். அது போய்க் காவல் கணுவில் தங்கும். தியேட்டரில் பேனாவைவிடக் கொஞ்சம் தடிமனான காமா புரோப் என்ற கருவியை அக்குள் மேல் நகர்த்தினால், கணு இருக்கும் இடத்துக்கு மேலே வரும்போது பீப் பீப் என்று சத்தம் வேகமெடுக்கும். கணுவை எடுத்து வெளியே வைத்து எத்தனை எண் காட்டுகிறது என்று குறித்துக்கொள்வோம். பிறகு அந்தக் குழியில் மறுபடி பார்ப்போம். அதிகச் சத்தம் தந்த கணுவின் எண்ணில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் எங்காவது கேட்டால் அங்கேயும் ஒரு கணு இருக்கிறது என்று அர்த்தம், அதையும் எடுக்க வேண்டும்.

கண்ணால் ஒன்று, காதால் ஒன்று, அதோடு விரல். கெட்டியாகத் தட்டுப்படுகிற கணு நீலமாக இல்லாவிட்டாலும் சத்தம் போடாவிட்டாலும் எடுத்தாக வேண்டும். புற்று முழுக்க அடைத்த கணுவுக்குள் சாயம் நுழையாமல் வேறு பக்கம் திரும்பிவிடலாம். மேடு தட்டிய வாய்க்காலில் தண்ணீர் போகாதல்லவா. அனுபவம் குறைந்தவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான்.

இந்த யோசனை மார்பில் பிறந்ததுகூட இல்லை. 1977இல் ஆண்குறிப் புற்றுநோய்க்காக கபானாஸ் என்பவர் காவல் கணு என்ற பேச்சை எடுத்தார். 1992இல் மார்ட்டன் தோல் புற்றுநோயில் நீலச் சாயத்தோடு செய்துகாட்டினார். மார்பகத்துக்கு 1993இல் கிராக் கதிரியக்கப் பொருளையும், 1994இல் ஜூலியானோ சாயத்தையும் கொண்டுவந்தார்கள். என் சித்தி காலத்தில் எங்கோ ஒரு மூலையில் இது தொடங்கிவிட்டிருந்தது என்று நினைக்கும்போதெல்லாம் கொஞ்சம் வயிறு எரியும்.

கதிரியக்க ஊசி போட்ட பிறகு பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?

தாராளமாகத் தூக்கலாம். எலும்பு ஸ்கேனுக்குத் தருகிற அளவில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் இதற்குத் தருகிறோம். ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மறுநாள் அதே நேரத்துக்குப் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த மிச்சத்திலும் பெரும்பகுதி எடுத்த கட்டியோடும் கணுவோடும் வெளியே போயிருக்கும். தனி அறை, தனித் தட்டு எதுவும் வேண்டாம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தக் கதிரியக்க ஊசிக்கான ஐசோடோப்பு வசதி இல்லை என்கிறார்கள். சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

டெக்னீசியத்தை வாங்கி அலமாரியில் அடுக்க முடியாது. அணு மருத்துவப் பிரிவு வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், டெக்னீசியத்தைச் சுரக்கிற, மாலிப்டினம் அடைத்த ஜெனரேட்டர் தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும். எல்லா ஊரிலும் இதை எதிர்பார்க்க முடியாது.

அதற்காக அக்குளை முழுதும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. கை பழகிய மருத்துவர் நீலச் சாயத்தை மட்டும் வைத்தே பத்தில் ஒன்பது பேருக்காவது கணுவைக் கண்டுபிடித்துவிடுவார். அதோடு இரண்டாவது வழி ஒன்றைச் சேர்த்தால் இன்னும் நல்லது. இன்டோசயனின் க்ரீன் என்ற சாயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் அது மின்னும். சிறப்புக் கேமராவில் பார்த்தால் தோலுக்கு மேலிருந்தே, இருட்டில் வாய்க்கால் பளபளப்பது மாதிரி, மார்பிலிருந்து அக்குளுக்குக் கோடு ஓடுவது திரையில் தெரியும். முதல்முறை பார்த்தபோது கையில் கத்தியை வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா நின்றேன். கேமரா விலைதான் இடிக்கிறது. அது கட்டுப்படியாகாத இடங்களில், கண் மருத்துவர்கள் பயன்படுத்துகிற ஃப்ளூரசின் சாயத்தைப் போட்டு நீல எல்இடி விளக்கில் பார்க்கிற எளிய முறையை இந்திய மருத்துவர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். இரும்புத் துகள் ஊசி போட்டுக் காந்தக் கருவியால் தேடுவதும் உண்டு. அதைச் சில நாட்கள் முன்பே போட்டுவிடலாம் என்பது வசதி. ஆனால் விலை அதிகம், தோலில் பழுப்புக் கறை தங்கும், பின்னால் எம்ஆர்ஐ எடுத்தால் அந்த இடம் சரியாகத் தெரியாமல் போகலாம்.

எதுவும் இல்லாத இடத்துக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒரு வழி சொல்லியிருக்கிறது. அக்குளின் அடிப்பகுதிக் கொழுப்பை, குறிப்பிட்ட ஒரு நரம்பை எல்லையாக வைத்து, அதற்குக் கீழே உள்ள கணுக்களோடு எடுப்பது. சாயமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். காவல் கணு அநேகமாக அந்தப் பகுதியில்தான் இருக்கும் என்பது கணக்கு.

என் கட்சி இதுதான். கருவியைத் தேடி ஊர் ஊராக அலைவதைவிட, இதைத் தொடர்ந்து செய்கிற கையைத் தேடுங்கள். 'நீங்கள் காவல் கணு பார்ப்பீர்களா, எந்த முறையில், கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?' என்று ஆபரேஷனுக்கு முன்னால் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் மருத்துவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

ஊசி வலிக்குமா?

சாயம் மயக்கத்தில் போடுவது, தெரியாது. விழித்திருக்கும்போது போடுகிற ஐசோடோப்பு ஊசி சில நொடி நன்றாகவே சுருக்கென்று எரியும்.

அம்மாவுக்குச் சிறுநீர் பச்சையாகப் போகிறது!

பயப்படாதீர்கள், அந்தச் சாயம்தான். ஓரிரு நாளில் தெளியும். இதை முன்கூட்டியே சொல்ல மறந்து, வார்டிலிருந்து நள்ளிரவில் எனக்குப் போன் வந்திருக்கிறது. இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவியை நீலச் சாயம் ஏமாற்றும். சாயம் போட்ட கொஞ்ச நேரத்தில் எண் குறைவாகக் காட்டலாம். மயக்க மருத்துவருக்கு இது தெரியும்.

சாயம் போடுவதற்கு முன் மருத்துவரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். நம் பக்கத்தில் இந்த மாத்திரையை வீட்டாருக்கே தெரியாமல் சாப்பிடுகிற பெண்கள் உண்டு. மெத்திலின் ப்ளூவும் அந்த வகை மாத்திரைகள் சிலவும் சேர்ந்தால் செரட்டோனின் நஞ்சேற்றம் என்ற ஆபத்தான நிலை வரலாம். மகன் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவரை வெளியே அனுப்பச் சொல்லுங்கள், அனுப்புவோம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு மெத்திலின் ப்ளூ போடக்கூடாது, ரத்த அணுக்கள் உடையும். அயோடின் ஒவ்வாமை இருந்தால் இன்டோசயனின் க்ரீன் வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு நீலச் சாயத்தைத் தவிர்த்துவிட்டுக் குறைந்த அளவு டெக்னீசியத்தில் செய்ய முடியும்.

வெளிநாட்டில் அதிகம் பயன்படுகிற ஐசோசல்ஃபான் ப்ளூ, பேட்டன்ட் ப்ளூ இரண்டுக்கும் நூற்றில் ஒருவருக்குக் கடும் ஒவ்வாமை வரக்கூடும். மெத்திலின் ப்ளூவில் அது குறைவு. ஆனால் இதைத் தோலுக்கு மிக நெருக்கமாகப் போட்டால் தோல் கருகிப் புண்ணாகலாம், அதனால் நீர்த்துக் கொஞ்சம் ஆழமாகப் போடுகிறோம்.

எல்லோருக்கும் இதைச் செய்யலாமா?

கையால் தொட்டாலும் ஸ்கேனிலும் அக்குளில் கெட்ட கணு எதுவும் இல்லாதவர்களுக்குத்தான் இது முதலில் வந்தது. ஸ்கேனில் சந்தேகமான கணு தெரிந்தால் அதில் ஊசி டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம். அதில் புற்று இல்லை என்றால் இந்த வழிக்கே வரலாம். கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால், அல்லது மார்பு முழுக்கச் சிவந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி தடித்துப்போகும் அழற்சிப் புற்றுநோய் என்றால், முழு அக்குள் ஆபரேஷன்தான்.

நம் பக்கத்தில் பலர் தாமதமாக வருகிறார்கள். குறுவை அறுப்பு முடியட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும் என்று கட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டிவிடுவார்கள். அவர்களுக்கு முதலில் கீமோ கொடுக்கிறோம். கீமோவில் கணு கரைந்துபோனால் காவல் கணு முறைக்கு வழி திறக்கிறது. ஆனால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்காவில் ஏசிஓஎஸ்ஓஜி இசட்1071 என்ற ஆய்வு 2013இல் வெளிவந்தது. கீமோவுக்குப் பின் இந்த முறை பத்தில் ஒருவருக்கும் சற்று அதிகமானவர்களிடம் மிச்சப் புற்றைத் தவறவிட்டது என்றும், சாயம் ஐசோடோப்பு இரண்டையும் சேர்த்து மூன்று கணுவாவது எடுத்தால் அந்தத் தவறு குறைகிறது என்றும் அது காட்டியது. கீமோ தொடங்கும் முன்பே கெட்ட கணுவுக்குள் சின்ன உலோக கிளிப் ஒன்றை வைத்துவிட்டு, ஆபரேஷனில் அந்தக் கிளிப் உள்ள கணு வெளியே வந்துவிட்டதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பது இன்னும் நம்பகமானது. கிளிப்பைக் கீமோவுக்கு முன்னால்தான் வைக்க முடியும். கணு கரைந்த பிறகு எதில் வைப்பது? அதனால் முதல் கீமோவுக்கு முன்பே ஆபரேஷன் செய்யப்போகிற மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கட்டியை உள்ளூரிலேயே எடுத்துவிட்டார்கள், பிறகுதான் புற்று என்று ரிப்போர்ட் வந்தது. இனிமேல் காவல் கணு பார்க்க முடியுமா?

முடியும். வாரம் ஒருவராவது இப்படி என்னிடம் வருகிறார்கள். ஊசியால் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்காமல் நேரே கட்டியை அறுத்துவிடுவது சரியான வரிசை இல்லை. ஆனாலும் நடந்தது நடந்துவிட்டது. மார்புக்காம்பைச் சுற்றிச் சாயம் போட்டால் வடிகால் அநேகமாக அப்படியே வேலை செய்யும். எடுத்த கட்டியின் ரிப்போர்ட்டோடு, கட்டித் துண்டை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கையும் கண்ணாடித் தகட்டையும் அந்த ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வாருங்கள்.

'கத்தி பட்டால் பரவிவிடும்' என்கிறார்களே?

பரவாது. பயந்து தள்ளிப்போடுவதுதான் பரவவிடும். மேற்கொண்டு இதில் பேச எனக்கு எதுவும் இல்லை.

ஆபரேஷன் நடக்கும்போதே கணுவில் புற்று இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களா?

சில இடங்களில் சொல்வார்கள். எடுத்த கணுவை உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சுமார் அரைமணி நேரத்தில் தியேட்டருக்கே சொல்லி அனுப்புவது ஃப்ரோசன் செக்ஷன். பெரிய படிவு இருந்தால் மாட்டிக்கொள்ளும், பொடிப்படிவு தப்பிக்கும். அதனால் மிச்சக் கணுவைப் பாரஃபினில் வைத்து நிதானமாகப் பார்த்துத் தருகிற கடைசி ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம் போலக் காத்திருக்க வேண்டும். 'தியேட்டர்ல இல்லைன்னாங்க, இப்ப இருக்குங்கறாங்க' என்று யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி கோபப்படுகிறார்கள். முதலில் பார்த்தது அவசரப் பார்வை, அதுதான் காரணம்.

ரிப்போர்ட்டில் 1/3 என்று போட்டிருக்கிறது. இனி முழு அக்குளையும் எடுக்க வேண்டுமா?

மூன்று கணு எடுத்தார்கள், ஒன்றில் புற்று இருக்கிறது என்று பொருள். பக்கத்தில் அளவு போட்டிருக்கும், அதைப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டர் வரை என்றால் தனிச் செல்கள், கணுவில் புற்று இருப்பதாகவே கணக்கில் வராது. 0.2 முதல் 2 மில்லிமீட்டர் வரை நுண்படிவு. 2க்கு மேல் போனால் பெரும்படிவு.

முன்பெல்லாம் ஒரு கணுவில் இருந்தாலே மொத்த அக்குளும் போகும். அதை மாற்றியது இசட்0011 என்ற ஆய்வு. ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி, மார்பைக் காப்பாற்றும் ஆபரேஷன், அதன்பின் மார்பு முழுக்கக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை), ஒன்றோ இரண்டோ காவல் கணுவில் மட்டும் புற்று. இப்படிப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு அக்குளை மேற்கொண்டு தொடாமல் விட்டார்கள். 2017இல் வந்த பத்தாண்டுக் கணக்கில், விட்டவர்களில் 86.3 சதவீதம், எடுத்தவர்களில் 83.6 சதவீதம் உயிரோடு இருந்தார்கள். எடுத்ததால் லாபம் இல்லை. 2014இல் ஐரோப்பாவிலிருந்து வந்த அமரோஸ் ஆய்வில் அக்குளுக்குக் கத்திக்குப் பதில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். புற்றைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று, கை வீக்கம் மட்டும் கரண்ட் வைத்தவர்களுக்குப் பாதிதான்.

ஆக 1/3 என்று பார்த்தவுடன் மறு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிடாதீர்கள். கரண்ட் வைக்கும் மருத்துவரும் கீமோ மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய இடம் இது. மூன்று கணு, அதற்கு மேல் என்று போனால் கதை வேறு. கீமோ முடித்த பிறகும் கணுவில் புற்று மிச்சம் இருந்தாலும் வேறு.

0/3 வந்தால் கீமோ வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. கட்டியின் அளவு, ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 என்ற புரதம் எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும்.

காவல் கணு சுத்தமாக இருந்தும் பின்னால் ஏதாவது ஒளிந்திருந்தால்?

நியாயமான பயம். புற்று உள்ள அக்குளில் இந்த முறை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை தவறவிடும். ஆனால் பி-32 ஆய்வில் காவல் கணு சுத்தம் என்று விட்ட அக்குளில் பிறகு புற்று தலைகாட்டியது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மிச்சம் இருந்தவற்றைக் கரண்டும் கீமோவும் ஹார்மோன் மாத்திரையும் பார்த்துக்கொள்கின்றன. மாத்திரையை ஐந்து வருஷம் விடாமல் சாப்பிடுவது, நான் அக்குளில் இன்னும் பத்து கணுவைத் தோண்டி எடுப்பதைவிட உங்களைக் காப்பாற்றும்.

கணுவைத் தேடவே வேண்டாம் என்றும் இப்போது சொல்கிறார்களாமே?

ஆமாம், சிலருக்கு. 2023இல் வந்த சவுண்ட் ஆய்வில், இரண்டு சென்டிமீட்டர் வரை உள்ள கட்டி, ஸ்கேனில் அக்குள் சுத்தம் என்றிருந்தவர்களுக்குக் காவல் கணுவைக்கூட எடுக்காமல் விட்டுப்பார்த்தார்கள், பாதகம் இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியாவில் நடந்து 2024 கடைசியில் வெளிவந்த இன்செமா ஆய்வும் அதையே சொன்னது. எழுபது வயதுக்கு மேல், சின்னக் கட்டி, ஹார்மோன் ஏற்பி உள்ள வகை என்றால் நானும் இப்போது விட்டுவிடலாம் என்றுதான் யோசிக்கிறேன். ஆனால் அந்த ஆய்வுகள் எல்லாம் நல்ல ஸ்கேன், அதைப் படிக்கத் தெரிந்த கண், ஒழுங்காகக் கரண்ட் வைப்பது எல்லாம் இருக்கிற இடத்தில் நடந்தவை. நெல்லிக்காய் அளவில் கட்டியோடு வருகிற நாற்பது வயதுப் பெண்ணுக்கு இதைப் பொருத்த மாட்டேன்.

எப்போது நடவுக்குப் போகலாம்? அந்தக் கையில் என்னென்ன செய்யக்கூடாது?

மறுநாளே தலை வாரலாம், சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மெதுவாக மேலே ஏற்றலாம். கையைச் சேலைக்குள் பொத்தி வைத்துக்கொண்டிருந்தால் தோள் இறுகிவிடும். குடம் தூக்குவது, மாவாட்டுவது, நெல் மூட்டை நகர்த்துவது இதெல்லாம் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து. காயம் முழுக்க ஆறின பிறகு நடவுக்கும் களையெடுப்புக்கும் போகலாம். சேற்றிலும் தாளிலும் விரல் கீறிக்கொண்டேதான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வைத்துவிடுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். காயத்தின் மேல் மஞ்சளும் எண்ணெயும் வேண்டாம்.

அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, ஊசி போடக்கூடாது என்று ஆயுள் முழுக்கப் பயமுறுத்துவது பழைய பழக்கம். அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. மறுகை இருக்கும்போது அதில் பார்த்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு இந்தக் கையில் போட்டுவிட்டால் குடி முழுகிவிடாது. எடை கூடாமல் பார்த்துக்கொள்வதுதான் கை வீக்கத்துக்கு அதைவிடப் பெரிய காவல். வளையல் இறுகுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், அதைவிட நல்ல அளவுகோல் என்னிடமும் இல்லை.

கையைத் தூக்கினால் அக்குளிலிருந்து கம்பி இழுப்பது மாதிரி இருக்கிறது. திரும்ப வந்துவிட்டதா?

இல்லை. ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை, சிலருக்கு மணிக்கட்டு வரைகூட, தோலுக்கடியில் வீணைத் தந்தி மாதிரி நரம்பு விறைத்து நிற்கும். அது ரத்த நரம்பு அல்ல, இறுகிப்போன நிணநீர்க் குழாய்கள். பிசியோதெரபியில், நீட்டிப் பழகப் பழக, சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் தளர்ந்துவிடும்.

செலவு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. மார்பக ஆபரேஷனுக்கு அதில் வழி இருக்கிறது. காவல் கணுவுக்கான சாயமும் ஃப்ரோசன் செக்ஷனும் அந்தத் தொகைக்குள் அடங்குமா, தனியாகக் கட்ட வேண்டுமா என்று காப்பீட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். குடும்ப அட்டையும் ஆதாரும் கையில் இருக்கட்டும்.

ஆண்களுக்கும் இதே முறைதானா?

அதே முறைதான். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வருகிறது, அபூர்வமாக. வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், அதுதான் சிக்கல்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மார்பில் நீலமாக ஒரு திட்டு இருக்கிறது. எப்போது போகும்?

மார்பைக் காப்பாற்றியவர்களுக்கு அது சில மாதங்கள் இருக்கும், சிலருக்கு ஒரு வருஷம்கூட. தானாக மங்கும். மன்னார்குடியிலிருந்து வந்த ஓர் அம்மா அது ஏதோ கறை என்று பீர்க்கங்கூட்டால் தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வந்தார். தேய்க்காதீர்கள்.